பசை போட்டு ஒட்டிய உலகம்

மிலான் நகரின் செம்பியோனே பூங்காவை ஒட்டிச் செங்கல் நிறத்தில் நீண்டு நிற்கிறது த்ரியென்னாலே மாளிகை. ஜோவன்னி முட்சியோ என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1933இல் திறக்கப்பட்டது. மூன்றாண்டுக்கு ஒருமுறை உலகெங்கும் உள்ள வடிவமைப்பாளர்களைக் கூட்டிக் கண்காட்சி நடத்துவதற்கென்றே எழுப்பிய கட்டடம் இது. நாற்காலி, விளக்கு, வீடு, நகரம் என்று மனிதன் கைவைத்து உருவாக்கும் எல்லாமே இங்கே விவாதத்துக்கு வந்திருக்கின்றன. 1968 மே 30 அன்று பதினான்காவது கண்காட்சி திறந்த அன்றைக்கே மாணவர்களும் கலைஞர்களும் உள்ளே புகுந்து கட்டடத்தைக் கைப்பற்றிக்கொண்டார்கள். பெருந்திரள் மக்களின் வாழ்க்கைதான் அந்த ஆண்டின் பொருள். பொறுப்பாளராக இருந்த கட்டடக் கலைஞர் ஜான்கார்லோ தெ கார்லோ அந்தக் கூட்டத்தின் நடுவில் நின்று வாதாடும் புகைப்படம் இன்றும் பிரபலம். மக்களைப் பற்றிக் கண்காட்சி வைத்தவர்களிடம் மக்களே வந்து கேள்வி கேட்ட இடம் என்பதால், பொதுக் கண்காட்சிகள் எதற்கு என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்தக் கட்டடம்தான் நினைவுக்கு வரும்.

நான் அங்கே போனது 2019 ஜூன் கடைசியில். இருபத்திரண்டாவது கண்காட்சி மார்ச் 1 முதல் நடந்துகொண்டிருந்தது. ‘புரோக்கன் நேச்சர்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். உடைந்துபோன இயற்கையின் முன்னால் மனித இனம் பிழைத்திருக்க வடிவமைப்பு என்ன செய்ய முடியும் என்பதுதான் கேள்வி. தொகுத்தவர் பாவ்லா அந்தோனெல்லி. மிலானில் வளர்ந்து அங்கேயே கட்டடக் கலை படித்தவர். 1994 முதல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறார். அவருடைய நிலைப்பாடு கேட்பவரைத் திடுக்கிட வைக்கும். மனித இனம் என்றைக்காவது அழியத்தான் போகிறது. அதைத் தள்ளிப்போடலாம், நமக்குப் பின்னால் வரும் உயிர்கள் நம்மை மரியாதையோடு நினைக்கும்படி நடந்துகொள்ளலாம், அதற்கு வடிவமைப்பு உதவட்டும் என்கிறார். முதலில் படித்தபோது இது பணக்கார நாட்டு விரக்தி என்று எனக்குப் பட்டது. கண்காட்சியைப் பார்த்து முடித்தபோது அப்படித் தோன்றவில்லை.

அந்த வாரம் ஐரோப்பா தகித்துக்கொண்டிருந்தது. ஜூன் 28 அன்று தெற்கு பிரான்ஸில் வெப்பம் 46 டிகிரியைத் தொட்டது. அந்த நாட்டில் அதுவரை பதிவாகாத வெயில். மிலானிலும் 35ஐத் தாண்டியது. சென்னையில் வாழ்பவனுக்கு அந்த எண் புதிதல்ல, ஆனால் அந்த ஊர் வீடுகள் குளிரை மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. நான் தங்கிய பழைய விடுதி அறையில் மின்விசிறி மாட்டக் கொக்கிகூட இல்லை. பகலில் சூடேறிய சுவர் விடியும்வரை அனல் விட்டது. சில நாட்களுக்கு முன்புதான், ஜூன் 24 அன்று, 2026ஆம் ஆண்டின் குளிர்கால ஒலிம்பிக்ஸ் மிலானுக்கும் மலையூரான கோர்த்தினாவுக்கும் கிடைத்திருந்தது. பனியை நம்பி நடக்கும் விளையாட்டு அது.

பூங்காவுக்குப் போகும் வழியெல்லாம் பச்சை வண்ணம் பூசிய வார்ப்பிரும்புக் குடிநீர்த் தூண்கள். டிராகன் தலை போன்ற பித்தளை மூக்கிலிருந்து தண்ணீர் ஓயாமல் கொட்டுகிறது. திறக்கவோ மூடவோ திருகு கிடையாது. மிலானில் இப்படி நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. அந்த ஜூன் மாதத்தில் சென்னையிலிருந்து போனவன் அதன் முன்னால் நின்றால் மூச்சடைக்கும். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு கிடந்தன. அலுவலகங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை செய்யச் சொல்லிக்கொண்டிருந்தன. இவர்கள் மட்டும் எப்படி இப்படித் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று ஆத்திரமாகத்தான் இருந்தது. பிறகு விசாரித்தால் காரணம் தெரிந்தது. தொழிற்சாலைகள் மூடிய பின் மிலானின் நிலத்தடி நீர் மட்டம் ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. நகரின் கழிவுநீர் சுத்திகரிக்கப்பட்டுத் தெற்கே உள்ள வயல்களுக்குப் பாசனமாகப் போகிறது. தண்ணீரை இறைத்து, பயன்படுத்தி, மறுபடி மண்ணுக்கு அனுப்பும் பாதை ஒன்று அங்கே இருக்கிறது. சென்னையில் மழைநீர் வந்து சேரும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை நாம் எப்படிக் குறுக்கிக் குறுக்கி விட்டோம் என்ற நினைப்போடுதான் மாளிகைக்குள் நுழைந்தேன்.

நுழைந்ததும் இருட்டான கூடம். பெரிய திரைகளில் நாசா தொகுத்த படங்கள்; பெரும்பாலும் செயற்கைக்கோளிலிருந்து எடுத்தவை, சில தரையிலிருந்து எடுத்தவை. ஒரே இடம், இரண்டு காலம். இந்தத் தொகுப்பை நாசா பல ஆண்டுகளாகச் சேர்த்து வருகிறது. அலாஸ்காவின் மியூர் பனியாறு 1941இல் பள்ளத்தாக்கு முழுக்க உறைந்து கிடக்கிறது. 2004இல் அதே இடத்தில் நீலத் தண்ணீரும் கரையில் செடிகளும். சோவியத் காலத்தில் பருத்திக்காக ஆறுகளைத் திருப்பியதால் ஏரல் கடல் சுருங்கிச் சுருங்கி, 2014இல் அதன் கிழக்குப் பகுதி முற்றிலும் காணாமல் போயிருக்கிறது. விளக்கமாக எதுவும் எழுதவில்லை. முன், பின். அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற இளம்பெண் ஒருத்தி ஒவ்வொரு படம் மாறும்போதும் தன் கைக்குழந்தையின் முகத்தைப் பார்த்துக்கொண்டாள்.

எனக்கு இன்னொரு படம் கண்ணில் நின்றது. அந்த வாரம் செய்தித்தாள்களில் எல்லாம் வந்த புழல் ஏரியின் படம். 2018இல் கருநீலமாகத் ததும்பியது, 2019இல் வெளிறிய மண்ணாக, நடுவில் ஒரு கீற்றுத் தண்ணீரோடு கிடந்தது. கூடத்தை விட்டு வெளியே வந்து சென்னை மடிப்பாக்கத்தில் இருக்கும் அக்காவுக்கு போன் போட்டேன்.

“லாரி வந்துச்சாக்கா?”

“எங்கடா வந்துச்சு. புக் பண்ணி மாசம் ஆகப்போவுது. நேத்து ராத்திரி தெருமுனையில ஒண்ணு நின்னுச்சு, ஆளுக்கு நாலு குடம். நீ வெயில்ல சுத்தாம தண்ணி குடிடா அங்க.”

தண்ணீர் குடி என்று அவள் சொன்னபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

அடுத்த அறையில் ஜோர்ஜியா லூபியும் அவருடைய அக்குராத் குழுவும் செய்த 30 மீட்டர் நீளச் சுவர். மக்கள்தொகை, வெப்பநிலை, உயிரினங்கள் போன்றவை காலப்போக்கில் எப்படி மாறின என்பதைத் துணி நெசவு மாதிரி வண்ணக் கோடுகளாலும் புள்ளிகளாலும் காட்டியிருந்தார்கள். பின்னிய உழைப்பு அபாரம். ஆனால் அதைப் படிக்கப் பக்கத்தில் இருந்த குறிப்பை மாறி மாறிப் பார்க்க வேண்டியிருந்தது. பெரும்பாலானோர் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு நகர்ந்தார்கள். அழகு சில சமயம் செய்தியை விழுங்கிவிடுகிறது.

அதைவிட மிக எளிமையான ஒன்று என்னை நிறுத்தியது. கண்ணாடிப் பேழைக்குள் சில கற்கள். ஹவாய்த் தீவின் கமிலோ கடற்கரையில் பொறுக்கியவை. கடல் கொண்டுவந்து தள்ளும் பிளாஸ்டிக் குப்பை அங்கே குவிகிறது. கரையில் மூட்டும் நெருப்பில் அது உருகி, மணலையும் எரிமலைக் கல்லையும் பவளத் துண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு மறுபடி இறுகுகிறது. கடல் ஆய்வாளர் சார்லஸ் மூர் இந்தக் கற்களைப் பற்றிச் சொல்லக் கேட்டு, நிலவியலாளர் பட்ரீசியா கோர்கரனும் சிற்பி கெல்லி ஜாஸ்வாக்கும் அங்கே போய் ஆராய்ந்தார்கள். 2014இல் நிலவியல் ஆய்விதழில் எழுதி, இதைப் புதுவகைக் கல் என்றே பதிவு செய்தார்கள். ஜாஸ்வாக் அவற்றைச் செதுக்கவில்லை, மெருகேற்றவில்லை. எடுத்தபடி வைத்திருந்தார். குனிந்து பார்த்தேன். ஒரு கல்லில் நீலக் கயிற்றின் முறுக்கு அப்படியே தெரிந்தது. இன்னொன்றில் பச்சைப் பிளாஸ்டிக் பாகு வழிந்து, சிப்பி ஒன்றின் பாதியை மூடியிருந்தது. நம் காலம் பாறையில் ஏறிவிட்டது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

மதுரைக்காரர்களுக்கு இது வேறு ஒன்றையும் ஞாபகப்படுத்தும். தியாகராசர் பொறியியல் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் வாசுதேவன், பிளாஸ்டிக் குப்பையைச் சூடான ஜல்லியின்மேல் தூவி, அது உருகிக் கல்லைப் போர்த்திக்கொண்டதும் தாரோடு கலந்து சாலை போடும் முறையைக் கண்டுபிடித்தார். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார். கமிலோவில் தானாக நடந்த அதே காரியத்தை இங்கே ஒரு மனிதர் தெரிந்து செய்தார். பயனுள்ள வேலைதான். ஆனாலும் சாலை தேயும்போது அந்தப் பிளாஸ்டிக் எங்கே போகும் என்ற கேள்வியை அந்தப் பேழையின் முன்னால் நின்றவனால் தவிர்க்க முடியாது. குப்பை ஆனபின் அதை என்ன செய்வது என்று மூளையைக் கசக்குவதைவிட, குப்பையாகும்படி ஏன் செய்தோம் என்று கேட்பதுதான் முந்திய வேலை.

அந்தக் கேள்வியை நேருக்கு நேர் கேட்டது ஃபோர்மாஃபான்தாஸ்மா குழுவின் அறை. ஆந்த்ரேயா த்ரிமார்கி, சிமோனே ஃபரேசின் என்ற இரண்டு இத்தாலிய வடிவமைப்பாளர்கள். ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரிலுள்ள விக்டோரியா தேசியக் கலைக்கூடம் கேட்டுக்கொண்டதால் தொடங்கிய ஆய்வு இது. பெயர் ‘ஓர் ஸ்ட்ரீம்ஸ்’, தாதுவின் ஓட்டங்கள். பூமிக்கடியில் இருக்கும் உலோகத்தைவிட மேலே, நம் வீட்டுச் சாமான்களுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும் உலோகம் அதிகமாகிவிடும் காலம் வருகிறது என்ற கணிப்பிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அப்படியானால் சுரங்கம் இனி மண்ணில் இல்லை. நம் மேஜை டிராயருக்குள் சார்ஜ் ஏறாமல் கிடக்கும் பழைய செல்போனில் இருக்கிறது.

அறையில் அலுவலக மேஜை, அலமாரி, தடுப்பு என்று மரச்சாமான் கடை போலச் சில பொருட்கள். உலோகத்தில் பளபளக்கின்றன. கிட்டே போனால்தான் தெரியும், அலமாரியின் உடம்பில் பழைய மின்னணுக் கருவிகளின் உறுப்புகளும் உறைகளும் அங்கங்கே பதிந்திருக்கின்றன. மேலே மெல்லிய தங்கப் பூச்சு. சர்க்யூட் போர்டுகளிலிருந்து மீட்ட தங்கம்.

ஆனால் என்னை அங்கே நெடுநேரம் உட்கார வைத்தது அந்தச் சாமான்கள் இல்லை. திரையில் ஓடிய படங்கள்தான். ஒரு கருவியை உறுப்பு உறுப்பாகப் பிரித்து அந்தரத்தில் நிறுத்திக் காட்டுகிறார்கள். கூடவே மறுசுழற்சி செய்பவர்கள், ஆய்வாளர்கள், சட்டம் தெரிந்தவர்கள் பேசுகிறார்கள். எல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். ஒரு கம்பெனி ஒருவகை ஸ்க்ரூ போடுகிறது, இன்னொன்று வேறுவகை. பிரிப்பவன் கையில் எத்தனை ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பான்? மூன்றாவது கம்பெனி ஸ்க்ரூவே வேண்டாமென்று பசை போட்டு ஒட்டிவிடுகிறது. பிரிக்க முடியாவிட்டால் அப்படியே நொறுக்க வேண்டியதுதான், நொறுக்கினால் உலோகத்தில் ஒரு பகுதி மீளாது. மின்வயரின் மேலுறையை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் கறுப்பு. குப்பையை இனம்பிரிக்கும் ஆலைகளில் ஒளியைப் பாய்ச்சி எது என்ன பொருள் என்று கண்டறியும் கருவிகள் இருக்கின்றன. கறுப்பு நிறம் அந்த ஒளியை விழுங்கிவிடுவதால் கருவிக்கு அது புலப்படுவதில்லை. உள்ளே இருக்கும் நல்ல செம்பும் சேர்ந்து தவறிப்போகிறது. வயருக்குக் கறுப்பு வேண்டாம், வேறு நிறம் கொடுங்கள். நச்சுள்ள உறுப்புகளுக்குத் தனி நிறம் வையுங்கள், பிரிப்பவர் அதைக் கண்டதும் கவனமாக எடுப்பார். எல்லாருக்கும் பொதுவான ஸ்க்ரூ போடுங்கள். இவ்வளவுதான் அவர்கள் கேட்பது. இதற்குப் புதுக் கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. வரைபட மேஜையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் முடிவெடுத்தால் போதும்.

அந்த 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகம் 5.36 கோடி டன் மின்னணுக் குப்பையைப் போட்டது என்றும் அதில் 17.4 சதவீதம்தான் முறைப்படி சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது என்றும் மறு ஆண்டு வந்த ஐ.நா. ஆதரவு அறிக்கை கணக்கிட்டது. மீதியில் பெரும்பகுதி எங்கே போனது என்று யாரிடமும் பதிவே கிடையாது. அதில் எவ்வளவோ நம்மைப் போன்ற நாடுகளில் காயலான் கடைகளின் பின்கட்டில், ஆசிட் வாளியிலும் வயர் எரிக்கும் நெருப்பிலும் போய் முடிகிறது. அந்தப் புகையைச் சுவாசிப்பவருக்கும் வயருக்குக் கறுப்பு என்று முடிவெடுத்தவருக்கும் நடுவே ஒரு நேர்க்கோடு இருக்கிறது. அந்தக் கோட்டைக் கண்ணுக்குக் காட்டியதுதான் இந்த அறையின் பெருமை.

சென்னை ரிச்சி தெருவில் செல்போன் பழுது பார்க்கும் ஒருவரை எனக்குப் பல வருடமாகத் தெரியும். ஊர் திரும்பியபின் இதையெல்லாம் அவரிடம் சொன்னேன். சூடேற்றும் தட்டின்மேல் ஒரு போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, மெல்லிய பிளாஸ்டிக் தகட்டை அதன் விளிம்பில் செருகிக்கொண்டே பேசினார். “முன்னெல்லாம் பேட்டரி மாத்துறது ஒரு நிமிஷ வேலை சார். நகத்தால மூடியைத் தொறந்தாப் போதும். இப்ப சூடு காட்டித்தான் தொறக்கணும். கொஞ்சம் கூடுதலாப் போச்சுன்னா டிஸ்பிளே போயிடும். கஸ்டமருக்கு யாரு பதில் சொல்றது?” தகடு ஒரு சுற்று வந்ததும் மூடி பிரிந்தது. கறுப்புப் பசை நூல் நூலாக இழுபட்டது. மிலானில் திரையில் பார்த்ததை இவர் தினமும் கையால் செய்துகொண்டிருக்கிறார்.

த்ரியென்னாலேயின் இன்னொரு பகுதியில் பாரிஸின் கார்த்தியே அறக்கட்டளை கொண்டுவந்திருந்த ஒலிக்கூடம். அமெரிக்கரான பெர்னி கிராவுஸ் முதலில் இசைக்கலைஞர். 1960களின் கடைசியிலிருந்து காடுகளிலும் கடல்களிலும் உயிரினங்களின் ஒலியைப் பதிவு செய்துவருகிறார். 5,000 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்திருக்கிறது. லண்டன் கலைஞர் குழு ஒன்று அந்த ஒலிகளைச் சுவர் முழுக்க ஒளிக்கோடுகளாக ஓடவிட்டிருந்தது. தவளை ஒரு உயரத்தில், பூச்சி ஒரு உயரத்தில், பறவை அதற்கும் மேலே. ஒன்றின் இடத்தை இன்னொன்று மிதிப்பதில்லை. ஒரு காட்டில் வாழும் உயிர்கள் ஒலியைக்கூடப் பங்கு பிரித்துக்கொண்டிருக்கின்றன என்பதைக் காதால் கேட்டுக்கொண்டே கண்ணால் பார்க்கலாம். தரையில் உட்கார்ந்த குழந்தைகள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டிருந்தார்கள்.

கிராவுஸின் வாழ்க்கையில் ஒரு சம்பவம் உண்டு. கலிஃபோர்னியாவின் சியாரா நெவாடா மலையில் லிங்கன் மெடோ என்ற புல்வெளி. அதைச் சுற்றிய காட்டில், தேர்ந்தெடுத்த மரங்களை மட்டும் வெட்டுவோம், காட்டுக்கு ஒன்றும் ஆகாது என்று மரம் வெட்டும் நிறுவனம் ஊருக்கு உறுதி கொடுத்தது. வெட்டும் முன் 1988இல் அவர் போய்ப் பதிவு செய்தார். வெட்டி முடித்த மறு வருடம் அதே நாள், அதே நேரம், அதே இடத்தில் மறுபடி பதிவு செய்தார். புகைப்படத்தில் இரண்டு வருடத்துக் காட்டுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஒலிப்பதிவில் பறவைகள் பெரும்பாலும் இல்லை. நீரோடையின் சத்தமும் தூரத்து மரங்கொத்தியின் தட்டலும்தான் மிச்சம். நுழைவாயிலில் முன்னும் பின்னுமாகச் செயற்கைக்கோள் படம் பார்த்துக் கலங்கியவனுக்கு இதுவும் தெரிந்திருக்க வேண்டும். வானத்திலிருந்து எடுக்கும் எந்தப் படத்திலும் பிடிபடாத அழிவு இருக்கிறது.

ஸ்டெஃபானோ மன்குசோ என்ற தாவர அறிவியலாளரின் ‘தாவரங்களின் தேசம்’ பகுதியில் நான் அதிக நேரம் செலவிடவில்லை. பல நாடுகள் தங்கள் தங்கள் அரங்கை அமைத்திருந்த கண்காட்சியில், செடிகொடிகளையும் ஒரு தேசமாக மதித்து அரங்கு கொடுத்தது நல்ல எண்ணம். பூமியின் உயிர்ப்பொருளில் எண்பது சதவீதத்துக்கு மேல் அவைதானே. ஆனால் உள்ளே வாசிக்க வேண்டியது அதிகம், தொட முடிந்தது குறைவு.

அதற்குப் பதிலாக அன்று மாலை போர்த்தா நுவோவா பகுதிக்கு நடந்து போய் ‘செங்குத்துக் காடு’ கோபுரங்களைப் பார்த்தேன். 2014இல் கட்டி முடித்தவை. வடிவமைத்த ஸ்டெஃபானோ போயெரிதான் அப்போது த்ரியென்னாலேயின் தலைவர். உயரமான கோபுரம் 111 மீட்டர். இரண்டிலுமாக எண்ணூறு மரங்கள் பால்கனிகளில் நிற்கின்றன. கிளை வெட்டக் கயிற்றில் தொங்கியபடி ஆட்கள் மேலிருந்து இறங்குவார்களாம். அண்ணாந்து பார்க்கும்போது மனம் குளிர்ந்தது உண்மை. அந்த மரங்களின் எடையையும் ஈர மண்ணையும் தாங்க எவ்வளவு கூடுதல் கான்கிரீட்டும் இரும்பும் பிடித்திருக்கும் என்ற கணக்கும் கூடவே ஓடியது. அங்கே குடியிருக்கப் பெரும் பணம் வேண்டும். ஒரு நகரத்துக்கு நிழல் வேண்டுமென்றால் அது தெருவில் நடப்பவன் தலைமேல் விழ வேண்டும்.

மறுபடி மாளிகைக்குப் போனது ஆஸ்திரியாவின் அரங்குக்காக. ஒரு கழிப்பறைக் கோப்பையை மையமாக வைத்து ஒரு நாடு தன் அரங்கை அமைக்கிறது என்றால் அதற்குத் துணிச்சல் வேண்டும். வியன்னாவின் இயோஸ் வடிவமைப்புக் குழு, சுவிட்சர்லாந்தின் எயாவாக் நீர் ஆய்வு நிறுவனத்தோடும் லாவ்ஃபன் என்ற பீங்கான் கம்பெனியோடும் சேர்ந்து உருவாக்கிய கோப்பை அது. ஏழை நாடுகளுக்கான கழிப்பறையை மறுபடி கண்டுபிடியுங்கள் என்று கேட்ஸ் அறக்கட்டளை 2011இல் விடுத்த அழைப்பை ஒட்டித் தொடங்கிய வேலையின் தொடர்ச்சி.

பார்க்கச் சாதாரண வெள்ளைக் கோப்பைதான். தேநீர்க் கெண்டியை மெதுவாகச் சாய்த்தால் தேநீர் கோப்பைக்குள் விழாமல் மூக்கின் அடிப்பக்கத்தை ஒட்டிக்கொண்டு வழியும். வேகமாகச் சாய்த்தால் நேராகப் பாயும். இந்தச் சங்கதியை வைத்தே வடிவமைத்திருக்கிறார்கள். சிறுநீர் மெல்ல ஓடுவதால் பீங்கானின் உட்பரப்பை ஒட்டியபடியே முன்பக்கம் மறைந்திருக்கும் தனித் துளைக்குள் போய்விடுகிறது. கழுவ விடும் தண்ணீர் வேகமாக வருவதால் அந்த விளிம்பைத் தாண்டிக் குதித்து வழக்கமான குழாய்க்குள் விழுகிறது. மோட்டார் இல்லை, வால்வு இல்லை. உட்காருபவர் புதிதாக எதுவும் கற்றுக்கொள்ளவும் வேண்டாம். விரலால் அந்த விளிம்பைத் தடவிப் பார்த்தேன். வளைவு சற்று மாறியிருந்தால் அது வேலை செய்யாது.

பிரிப்பது எதற்கு? வீட்டுக் கழிவுநீரில் சிறுநீரின் அளவு நூற்றில் ஒரு பங்குதான். ஆனால் கழிவுநீரில் இருக்கும் நைட்ரஜனில் ஏறத்தாழ 80 சதவீதமும் பாஸ்பரஸில் பாதியளவும் சிறுநீரிலிருந்து வருகின்றன. ஏரியில் ஆகாயத்தாமரை மண்டுவதற்கும் கடலில் பாசி பெருகி மீன் மூச்சுத் திணறுவதற்கும் இந்தச் சத்துதான் காரணம். இன்னொரு பக்கம், ஏராளமான இயற்கை வாயுவைச் செலவழித்துக் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்து யூரியா செய்கிறோம். ஒரு கையால் வயலுக்கு வாங்குகிறோம், மறுகையால் ஆற்றில் கொட்டுகிறோம். திருச்சி மாவட்டம் முசிறியில் இந்தக் கண்காட்சிக்குப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே மலத்தையும் சிறுநீரையும் தனித்தனியே சேர்க்கும் பொதுக் கழிப்பறை கட்டி, பயன்படுத்த வருபவர்களுக்குக் காசு கொடுத்துப் பார்த்தார்கள். அந்த முயற்சியை மிலானில் ஒரு சுவரில் எழுதியிருந்தால் எவ்வளவு பொருத்தமாக இருந்திருக்கும்! இந்தக் குறை எனக்கு இருந்தது. ஏழை ஊர்களில் ஏற்கெனவே நடப்பவை இம்மாதிரிக் கண்காட்சிகளுக்குள் வரும்போது பெரும்பாலும் பிரச்சினையின் படமாக வருகின்றன; தீர்வின் படமாக வருவது அபூர்வம்.

இவ்வளவு செலவு செய்து வைக்கும் கண்காட்சிகளால் என்ன மாறுகிறது என்ற கேள்விக்குக் கொஞ்சம் பதில் இருக்கிறது. மைக்கேல் பின்ஸ்கி என்ற பிரிட்டன் கலைஞர் 2017இல் நார்வேயின் த்ரோண்ட்ஹைம் நகரில் ஐந்து கூடாரக் குமிழ்களை வட்டமாக நிறுத்தினார். ஒவ்வொன்றிலும் ஓர் ஊரின் காற்று, ஆபத்தில்லாத வேதிப்பொருட்களைக் கொண்டு செய்தது. நார்வேத் தீவான தவுத்ராவின் தூய காற்றில் தொடங்கி லண்டன், டெல்லி, பெய்ஜிங், சாவ் பாவ்லோ என்று நடந்து போகலாம். பிறகு அவை லண்டனுக்கும் வேறு நகரங்களுக்கும் போயின. வந்தவர்களிடம் நார்வேயின் உளவியல் ஆய்வாளர்கள் கேள்வித்தாள் கொடுத்துக் கணக்கெடுத்தார்கள். உள்ளே போய் வந்தபின், ஏதாவது செய்ய வேண்டும் என்ற எண்ணம் பலருக்குச் சற்றுக் கூடியிருந்தது. சோகம், கோபம், கையாலாகாத உணர்வு ஆகியவற்றை அதிகம் உணர்ந்தவர்களிடம் இன்னும் கூடியிருந்தது. ஆனால் தங்கள் கார்பன் உமிழ்வைத் தாங்களே கணக்கிட்டுப் பார்க்க ஒரு வழியைக் கையில் கொடுத்தபோது, அதை எடுத்துச் செய்ததாகத் தடயம் கிடைக்கவில்லை.

எனக்கு இது ஏமாற்றம் தரவில்லை. டெல்லிக் காற்றை மூக்கில் இழுத்துவிட்டு வெளியே வருபவரிடம் நாம் கொடுத்தது வேதனை மட்டும்தான் என்றால், அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்? தனி மனிதன் குற்ற உணர்வோடு வீட்டுக்குப் போவதால் கறுப்பு வயர் நிறம் மாறிவிடாது. முடிவெடுக்கும் மேஜை எங்கே இருக்கிறது, அங்கே யாரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று காட்டும் கண்காட்சிதான் ஒருவரைக் குடிமகனாக வெளியே அனுப்புகிறது. மிலானிலேயே அதற்கு உதாரணம் இருக்கிறது. அங்கே காய்கறிக் கடையில் தக்காளியை எடைபோடும் மெல்லிய பையும் மக்கும் பைதான். 2018 ஜனவரி முதல் இத்தாலி முழுக்கச் சட்டம். அதற்கு ஓரிரு சென்ட் தனியாக பில்லில் வரும். வீட்டில் உணவுக் கழிவை அதே பையில் போட்டுக் கீழே பழுப்புத் தொட்டியில் சேர்க்கிறார்கள். 2014 முதல் நகரின் எல்லா வீடுகளிலும் அதைத் தனியாக வாங்கி உரமாக்குகிறார்கள். பையின் பொருளும் தொட்டியின் நிறமும் லாரி வரும் நாளும் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது 2019 ஜனவரி 1 அன்று. பையைத் தடுத்தோம். பைக்குப் பின்னால் வர வேண்டிய தொட்டியும் லாரியும் பெரும்பாலான தெருக்களுக்கு வந்து சேரவில்லை.

இப்படிப்பட்ட கண்காட்சி யாரைப் போய்ச் சேர்கிறது என்ற கேள்வியும் உண்டு. 2019 ஏப்ரலில், அதே மிலானில் நடந்த மரச்சாமான் சந்தைக்கு மூன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள், அவர்களில் பலர் உலகெங்கிலுமிருந்து பறந்து, புதிதாக வந்த நாற்காலிகளைப் பார்க்க. அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதியாவது பூங்காவைத் தாண்டி இங்கே வந்திருக்கும் என்று நம்புகிறேன். ஏனென்றால் வயரின் நிறத்தைத் தீர்மானிக்கும் ஆட்கள் அவர்களுக்குள்தான் இருக்கிறார்கள்.

அதற்கப்புறம் சில விஷயங்கள் நகர்ந்திருக்கின்றன. அந்தக் கண்காட்சி முடிந்த அடுத்த மாதமே, குளிர்சாதனப் பெட்டி, துணி துவைக்கும் இயந்திரம் போன்றவற்றுக்கு உதிரி பாகம் பல ஆண்டுகள் கிடைக்க வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் விதி வகுத்தது. 2021 மார்ச்சில் அது நடைமுறைக்கு வந்தது. பிரான்ஸில் 2021இல் செல்போன், மடிக்கணினி போன்றவற்றைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு விலைச் சீட்டோடு காட்டத் தொடங்கினார்கள். 2023இல் வந்த ஐரோப்பிய பேட்டரிச் சட்டம் இன்னும் ஒரு படி போகிறது. 2027 பிப்ரவரி 18 முதல், சில விதிவிலக்குகள் தவிர, கையடக்கக் கருவிகளின் பேட்டரியை வாங்கியவரே கழற்றி மாற்ற முடிய வேண்டும். அதற்குச் சூடேற்றவோ கரைப்பான் ஊற்றவோ தேவைப்படக் கூடாது என்று அதில் எழுதியே இருக்கிறது.

இந்தியாவிலும் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று அரசு ஓர் இணையதளம் தொடங்கியது. கம்பெனிகள் விரும்பிச் சேரலாம். கட்டாயமாக்க வேண்டும் என்று கேட்பதற்கு நம்மிடம் ஆட்கள் வேண்டும், அவர்களுக்குப் பசையையும் ஸ்க்ரூவையும் கண்ணால் காட்ட ஓர் இடம் வேண்டும். சென்னையில் யாராவது இப்படி ஒரு பொதுக் கண்காட்சி நடத்த முன்வந்தால், எழும்பூர் அருங்காட்சியகத்திலோ மெட்ரோ நிலையத்தின் நிலத்தடிக் கூடத்திலோ நடத்தலாம். டிக்கெட் வைக்கக் கூடாது. முதல் அறையை ரிச்சி தெருக்காரர்களிடம் கொடுத்துவிடலாம். எந்தக் கருவியை எங்கே திறக்க முடியாது, எந்த மாடலுக்கு எந்த வருடத்திலிருந்து பசை வந்தது, எந்த ஸ்க்ரூவுக்கு வெளியே ஸ்க்ரூடிரைவரே கிடைக்காது என்ற பட்டியல் அவர்களுக்கு மனப்பாடம்.